இல்லாதவரின் பங்கு: தொழினுட்பக் குழுமங்களில் மடலும் அரட்டையும்

கேள்வி

தெமட்டகொடையில் பேஸ்லைன் வீதியோரம் நிற்கும் ஓரியன் சிற்றி போன்ற மென்பொருள் வளாகங்களில் அன்றாட வேலையின் பெரும்பகுதி அரட்டைச் செயலிகளில்தான் நகர்கிறது. ஒரு வழு தெரியவந்தால் அங்கே சொல்லப்படுகிறது. யார் திருத்துவது, எப்போது முடிப்பது என்பதும் அங்கேயே தீர்மானமாகிறது. அத்தகைய அலுவலகங்களில் பகலைக் கழிப்பவர்கள் இரவில் தமிழ் எழுத்துரு, இடைமுகத் தமிழாக்கம், திறந்தமூல நிரல் என்று தன்னார்வ வேலைக்கு உட்காரும்போது கைபழகிய கருவியையே கூடக் கொண்டுவருகிறார்கள். முதல் வேலையாக ஒரு வட்ஸ்அப் குழுவோ ரெலிகிராம் குழுவோ திறக்கப்படுகிறது. மின்னஞ்சல் மடலாடற்குழு என்ற பேச்சு எழுவது அரிது. எழுந்தாலும் முந்திய தலைமுறையின் பழக்கம் என்று தள்ளிவைக்கப்படுகிறது.

இது வெறும் பழக்கம் பற்றிய விடயம்தானா என்பதே இக்கட்டுரையின் கேள்வி. அலுவலகத்தில் அரட்டை ஒழுங்காக நடப்பதற்கான காரணம் அலுவலகத்தில்தான் இருக்கிறது. வேலை நேரம் உண்டு. அந்த நேரத்தில் எல்லாரும் திரைக்கு முன்னால் இருக்கச் சம்பளம் உண்டு. மறந்துபோனதை நினைவில் வைத்திருக்கும் மேலாளர் ஒருவர் உண்டு. விடுமுறையில் போனவருக்கு வந்தபின் விளக்கிச் சொல்லும் சக ஊழியர் உண்டு. இத்தனையையும் அரட்டை சத்தமின்றிக் கடன் வாங்கிக்கொள்கிறது. தன்னார்வக் குழுமத்திடம் கடன் கொடுக்க எதுவும் இல்லை. மடலாடற்குழுவோ, தன் மந்த நடையினாலேயே, அந்த ஒழுங்கின் ஒரு பகுதியைத் தானே உண்டாக்கித் தந்தது. எந்தக் கருவி வேகமானது என்பதை விட, கூட்டத்தில் இல்லாதவருக்கு எது பங்கு தருகிறது என்று கேட்பதே பொருத்தம்.

சொல்லைப் பற்றி ஒரு வார்த்தை. 'மடல்' என்றால் மதிப்பு, 'அரட்டை' என்றால் பொழுதுபோக்கு என்ற தீர்ப்பு தமிழ்ச் சொற்களுக்குள்ளேயே ஒளிந்திருக்கிறது. இங்கே அரட்டை என்பது உடனுக்குடன் செய்தி பரிமாறும் முறையின் பெயர் மட்டுமே. அரட்டைக் குழுக்களில் உருப்படியான வேலை நடப்பதும், மடலாடற்குழுக்களில் மாதக்கணக்கில் வெறும் வம்பு நடந்ததும் இத்துறையில் இருந்தவர்கள் அறிந்ததே.

இதுவரையான விளக்கங்கள்

தொடர்பாடல் ஆய்வில் இந்தக் கேள்விக்கு நீண்ட வரலாறு உண்டு. ரிச்சர்ட் டாஃப்ட், ரொபர்ட் லெங்கல் இருவரும் 1986இல் முன்வைத்த ஊடக வளக் கோட்பாட்டின்படி, பொருள் மயக்கம் கூடிய விடயங்களுக்கு நேருக்கு நேர்ப் பேச்சுப் போன்ற வளமான ஊடகம் தேவை; தெளிவான விடயங்களுக்கு எழுத்துப் போன்ற வளம் குறைந்த ஊடகமே போதும். 2008இல் அலன் டெனிஸும் அவருடைய சகாக்களும் இதைத் திருத்தினார்கள். தொடர்பாடலில் இரண்டு வேலைகள் உள்ளன என்றார்கள்: தகவலைக் கொண்டுசேர்ப்பது ஒன்று, அதன் பொருளில் ஒருமித்த கருத்துக்கு வருவது மற்றொன்று. முதலாவதற்கு ஆறுதலாகப் படிக்கும் ஊடகமும், இரண்டாவதற்கு ஒரே நேரத்தில் எல்லாரும் இருக்கும் ஊடகமும் ஏற்றவை என்பது அவர்கள் முடிவு.

இதை அப்படியே ஏற்றால் என் வாதம் தலைகீழாகிவிடும். ஆவணங்களை மடலில் அனுப்பிவிட்டு, முடிவை அரட்டையில் எடுங்கள் என்றல்லவா கோட்பாடு சொல்கிறது? அரட்டைக்காக வாதாடும் பலர் இந்தக் கோட்பாட்டை அறியாமலே இதைத்தான் சொல்கிறார்கள்: "நாலு மடல் எழுதித் தீராததைப் பத்து நிமிடத்தில் பேசித் தீர்க்கலாம்." அது உண்மைதான். ஆனால் அந்தப் பத்து நிமிடத்தில் யாருக்கிடையே தீர்ந்தது என்ற கேள்வியைக் கோட்பாடு கேட்பதில்லை. ஒருமிக்க வேண்டியவர்கள் எல்லாரும் ஒரே நேரத்தில் வந்து சேரக்கூடியவர்கள் என்பது அதன் சொல்லப்படாத அடிப்படை. நிறுவனங்களை மனத்தில் வைத்து எழுதப்பட்ட கோட்பாட்டில் அது இயல்பு. தமிழ்க் கணிமைக்கு அது பொருந்துமா என்பதைக் கடிகாரத்தில் பார்க்கலாம். யூலை மாதத்தில் கொழும்பில் இரவு 8 மணி என்றால் லவுசானில் பிற்பகல் 4.30, ரொறன்ரோவில் காலை 10.30, வேலை நேரம். கலிபோர்னியாவில் காலை 7.30, கோலாலம்பூரில் இரவு 10.30, சிட்னியில் நள்ளிரவு கடந்து அடுத்த நாள். எந்த நேரத்தைத் தேர்ந்தாலும் யாரோ ஒருவர் உறக்கத்திலோ வேலையிலோ இருப்பார்.

திஸ்கியும் அக்சிஸ்2உம்

மேற்படி ஊர்ப் பெயர்கள் கற்பனைக்காக அடுக்கப்பட்டவை அல்ல. 1990களின் நடுப்பகுதியில் பாலா பிள்ளை ஆஸ்திரேலியாவிலிருந்து தொடங்கிய தமிழ்.நெட் மடலாடற்குழு, யுனிகோடு பரவுவதற்கு முந்திய காலத்தில் தமிழர்கள் இணையத்தில் எழுதிப் பழகிய முதல் திண்ணைகளுள் ஒன்று. (ஈழச் செய்திகளுக்குப் பெயர்பெற்ற தமிழ்நெட் தளம் வேறு; 1997இல் சிங்கப்பூரில் நடந்த தமிழ்நெட்97 மாநாடு இன்னும் வேறு. இந்தப் பெயர்க் குழப்பம் அக்காலத்துக்கே உரியது.) ஒவ்வொரு எழுத்துருவும் தனக்கென ஒரு குறியீட்டு முறையை வைத்திருந்த நாட்கள் அவை. ஒருவர் அனுப்பிய தமிழ் மற்றவர் கணினியில் புரியாத கிறுக்கலாகத் தெரியும். இதற்கு ஒரு பொது முறை வேண்டும் என்ற விவாதம் 1997 முதல் தமிழ்.நெட்டின் துணைக்குழுவில் மடல்களாக நடந்தது. லவுசானில் இருந்த வேதியியலாளர் கு. கல்யாணசுந்தரம், மலேசியாவில் முரசு அஞ்சலை உருவாக்கிய முத்து நெடுமாறன், அமெரிக்காவிலிருந்து மணி மு. மணிவண்ணன் என்று கண்டங்கள் தாண்டிய பலர் அதில் பங்கெடுத்தனர். அதன் விளைவே திஸ்கி என்ற எட்டு பிட் குறியீட்டு முறை.

அந்த விவாதத்தின் தன்மையைக் கவனிக்க வேண்டும். எட்டு பிட் முறையில் ஆங்கிலத்துக்குப் போக மிஞ்சுவது 128 இடங்கள். அவற்றுக்குள் உயிரும் மெய்யும் கிரந்த எழுத்துகளும் போக, உகர ஊகார உயிர்மெய்களுக்குத் தனி வடிவம் தருவதா, தமிழ் எண்களுக்கு இடம் ஒதுக்குவதா என்பதெல்லாம் முடிவாக வேண்டும். ஓர் எழுத்துக்கு இடம் கொடுத்தால் இன்னொன்றை வெளியே நிறுத்த வேண்டும். ஒரு முன்மொழிவைப் படித்து, அட்டவணையை வரைந்து பார்த்து, தன் கணினியில் எழுத்துரு செய்து சோதித்து, பிறகு ஆட்சேபம் எழுதுவதற்கு ஒரு நாளோ ஒரு வாரமோ தேவை. அரட்டையில் இந்த ஆட்சேபம் வரவே முடியாது என்பதில்லை. ஆனால் அது வரும்போது பேச்சு வேறெங்கோ போயிருக்கும். மடலில் அது தன் இழைக்குக் கீழே வந்து அமர்ந்துகொள்ளும்.

இதே காலத்தில் வேறொரு வழியும் இருந்தது. 1999 பெப்ரவரியில் தமிழக அரசு சென்னையில் கூட்டிய தமிழ்நெட்99 மாநாட்டின் வழியாக டாப், டாம் என்ற குறியீட்டு முறைகளும் தமிழ்99 விசைப்பலகையும் தரமாக்கப்பட்டன. அரங்கில் கூடி முடிவெடுத்தல் என்பது டெனிஸ் குழுவினர் சொல்லும் ஒருமித்தலுக்கு மிக ஏற்ற வடிவம். அரசின் அதிகாரமும் அதன் பின்னால் இருந்தது. எது சிறந்த குறியீட்டு முறை என்பது இங்கு விடயமில்லை; பின்னால் வந்த யுனிகோடு இரண்டையும் ஓரங்கட்டியது. ஆனால் அரசோ நிறுவனமோ பின்னால் இல்லாமல், மடல்களில் மட்டும் உருவான ஒரு முறை பல பதிப்புகளாகத் திருந்தி, புழக்கத்தில் பரவி, 2007இல் இணையக் குறியீட்டுப் பெயர்களைப் பதியும் ஐயானாவின் பட்டியலிலும் ஏறியது என்பது சாதாரண செய்தி அன்று. ஒரே காலப்பகுதியில், 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டமும் இதே வகையில்தான் நடந்தது: ஒருவர் தட்டச்சுச் செய்ய, வேறொரு நாட்டில் இன்னொருவர் மெய்ப்புப் பார்க்க, இடையில் ஓடியது மின்னஞ்சல்.

ஒரு சிறு விலகல். அந்த ஆண்டுகளில் கொழும்பின் கடிகாரம் சென்னையை விட அரை மணித்தியாலம் முந்தி ஓடியது. 1996இல் மாற்றப்பட்ட இலங்கை நேரம் 2006 ஏப்பிரலில்தான் பழையபடி ஆனது. புலிகளின் கட்டுப்பாட்டுப் பகுதிகள் அந்த மாற்றத்தை ஏற்கவேயில்லை. ஒரே தீவுக்குள் இரண்டு நேரம். "இரவு எட்டு மணிக்கு வாருங்கள்" என்றால் எந்த எட்டு மணி என்று கேட்க வேண்டியிருந்த நாட்டில், தன் முகப்புத் தகவலில் நேர வித்தியாசத்தையும் எழுதிக்கொண்டு வரும் மடல் குறைந்தபட்சம் அந்தக் கேள்வியைத் தீர்த்துவைத்தது.

இரண்டாவது சான்று கொழும்புக்கே உரியது. 2000களின் தொடக்கத்தில் சஞ்சீவ வீரவரண முதலானோரின் முயற்சியில் உருவான லங்கா மென்பொருள் மன்றத்தைச் சூழ்ந்த இளம் பொறியியலாளர்கள், அப்பாச்சி மென்பொருள் அறநிறுவனத்தின் இணையச் சேவைத் திட்டங்களில் பெருந்தொகையாகப் பங்களித்தனர். அவற்றுள் முக்கியமானது அக்சிஸ்2. அதன் புதிய கட்டமைப்பு 2004 ஓகஸ்டில் கொழும்பில் நேரடியாகக் கூடிய சந்திப்பில் முன்வைக்கப்பட்டது. பின்னர் உடனடி உரையாடலும் பயன்பட்டது, வாராந்தம் ஐ.ஆர்.சி. என்ற அரட்டை அரங்கில் கூடிப் பேசினார்கள். ஆனால் அந்தப் பேச்சுகளின் பதிவுகள் மேம்பாட்டாளர் மடலாடற்குழுவுக்கு அனுப்பப்பட்டன. மடலாடற்குழுவில் நடக்காத ஒன்று நடக்கவேயில்லை என்று கொள்ளப்படும் என்பது அப்பாச்சியில் எல்லாரும் அறிந்த நியதி. அரட்டை கூடாது என்று அது சொல்லவில்லை. அரட்டையில் ஒருமித்தவர்கள் தங்கள் ஒருமிப்பை, வராதவர்கள் மறுக்கக்கூடிய இடத்தில் வைக்க வேண்டும் என்கிறது. கோட்பாட்டாளர்கள் ஒருமித்தலையும் முடிவையும் ஒன்றாக்கிவிட்டார்கள். அப்பாச்சி இரண்டையும் பிரித்தது. கொழும்பில் ஒரே மேசையில் இருந்தவர்கள் தங்களுக்குள் பேசி முடித்துவிடுவது மிக எளிதாக இருந்த நேரத்தில் இந்த நியதி அவர்களைக் கட்டியது என்பதே இதில் கவனிக்கத்தக்கது. ஒரே ஊரில் அடர்ந்திருக்கும் குழுதான் வெளியில் இருப்பவரை அறியாமலே ஒதுக்கிவிடும்.

தடையும் இருளும்

இல்லாமை என்பது நேர வித்தியாசத்தால் மட்டும் வருவதில்லை. இலங்கையில் அது அரசாணையாலும் வந்திருக்கிறது. 2018 மார்ச்சில் கண்டி மாவட்டத்தில் முஸ்லிம்களுக்கு எதிரான வன்முறை வெடித்தபோது பேஸ்புக், வட்ஸ்அப், வைபர் முதலியவை ஏறத்தாழ ஒரு வாரம் தடுக்கப்பட்டன. 2019 ஏப்பிரல் 21, உயிர்த்த ஞாயிறு அன்று தேவாலயங்களிலும் விடுதிகளிலும் குண்டுகள் வெடித்தன. அன்று விதிக்கப்பட்ட சமூக ஊடகத் தடை மாத இறுதிவரை நீடித்தது. மே மாதத்தில் மீண்டும் வந்தது. 2022 ஏப்பிரல் 3ஆம் திகதி, பொருளாதார நெருக்கடிக்கு எதிரான ஆர்ப்பாட்டங்களுக்கு முகங்கொடுத்த அரசு ஏறத்தாழ 15 மணித்தியாலங்கள் மீண்டும் தடைவிதித்தது. அதற்குச் சில நாட்களுக்கு முன்னர் மின்வெட்டு ஒரு நாளைக்கு 13 மணித்தியாலங்கள் வரை போயிருந்தது.

இத்தடைகளில் மின்னஞ்சல் சேர்க்கப்படவில்லை. அரசுகளுக்கு மின்னஞ்சல் மீது கருணை என்று இதற்குப் பொருளில்லை. வட்ஸ்அப் ஒரே நிறுவனத்தின் கையில் இருக்கிறது. அந்த ஒரு வாசலை அடைத்தால் போதும். மின்னஞ்சலுக்கு ஆயிரம் வாசல்கள். வங்கியும் ஏற்றுமதிக் கம்பனியும் அமைச்சும் அதே வாசல்களால்தான் போய்வருகின்றன. ஜிமெயிலை மட்டும் அடைக்கலாமே என்று கேட்கலாம். அடைக்கலாம், அப்போதும் பல்கலைக்கழக முகவரியும் அலுவலக முகவரியும் வேலைசெய்யும், ஒரே மடலாடற்குழுவுக்குள் அவை கலந்தே இருக்கும்.

தடையை வி.பி.என். கொண்டு தாண்டியவர்கள் ஏராளம் என்பது உண்மை. அதனால் தடையின் முக்கியத்துவத்தைப் பெருப்பிக்க வேண்டியதில்லை. மின்வெட்டுதான் வலுவான சான்று. அறிவிக்கப்பட்ட அட்டவணைப்படி இன்று இந்த வலயம், அடுத்து அந்த வலயம் என்று இருளடைந்த நாட்களில், ஒரே நகருக்குள்ளேயே கொட்டாஞ்சேனையில் இருப்பவரும் வெள்ளவத்தையில் இருப்பவரும் ஒரே நேரத்தில் கணினிக்கு முன் அமர முடியாது போனது. கைத்தொலைபேசிக் கோபுரங்களின் மின்கலங்களும் நீண்ட வெட்டில் தீர்ந்துபோகும். மின்சாரம் வந்ததும் 400 அரட்டைச் செய்திகளைப் பின்னோக்கித் தள்ளிப் பார்ப்பவருக்கும், தலைப்பிட்ட 12 மடல்களைத் திறப்பவருக்கும் உள்ள வேறுபாடு வசதி பற்றியது மட்டுமன்று. முன்னவர் நடந்ததைத் தெரிந்துகொள்ளலாம். அவர் பதில் சொல்ல நினைக்கும்போது அந்தப் பேச்சு முடிந்திருக்கும். பின்னவருக்கு இழை திறந்தே கிடக்கும். இந்நாட்டுக்கு மின்னஞ்சல் 1990களின் தொடக்கத்தில், மொரட்டுவைப் பல்கலைக்கழகத்தைச் சூழ்ந்த முயற்சியாக வந்தபோது, நிரந்தர இணைப்பே கிடையாது. தொலைபேசி வழியே அவ்வப்போது தொடுத்து, சேர்த்துவைத்த மடல்களை மொத்தமாக அனுப்பினார்கள். இணைப்பு அறுந்தறுந்து வரும் என்பதைக் கணக்கில் எடுத்தே வடிவமைக்கப்பட்ட கருவி அது.

மறுப்புகள்

இந்த வாதத்துக்கு எதிரான மிகக் கடுமையான சான்று மடலாடற்குழுக்களின் சொந்த வரலாறே. தமிழ்லினக்ஸ் குழுவினர் கே.டி.ஈ. மேசைத்தளத்தைத் தமிழாக்கிய காலத்தின் உரையாடல்களும், மரத்தடி, ராயர் காப்பி கிளப் போன்ற இலக்கியக் குழுமங்களும் இருந்தது யாகூ குழுமங்களில். யாகூ 2019 டிசெம்பரில் தளத்திலிருந்த உள்ளடக்கத்தை நீக்கத் தொடங்கி, 2020 டிசெம்பர் 15ஆம் திகதி சேவையையே மூடியது. மடல் நிலைக்கும், அரட்டை அழியும் என்று சொல்பவருக்கு இது சரியான அடி. இலவசத் திட்டத்தில் 90 நாட்களுக்கு முந்திய செய்திகளை 2022 முதல் மறைத்துவிட்ட ஸ்லாக்குக்கும் யாகூவுக்கும் இந்த அளவில் வேறுபாடு இல்லை: பிறர் வீட்டில் வைத்த பொருள் பிறர் மூடும்போது போகும். ஆயினும் ஒரு வேறுபாட்டை மறுக்க முடியாது. மடலாடற்குழுவின் ஒவ்வொரு மடலும் அதைப் பெற்றவர் பெட்டியிலும் ஒரு பிரதியாக விழுந்தது. யாகூ மூடியபின் எந்தக் குழுமத்தையும் மீட்க விரும்புபவர், ஆதியிலிருந்து உறுப்பினராக இருந்து எதையும் அழிக்காத ஒருவரைத் தேடினால் போதும். அரட்டை அரங்கில் பிரதி என்பது யாராவது நினைத்து எடுத்துவைத்தால்தான் உண்டு. ஆகவே மடல் நிலைக்கும் என்பது மிகைக்கூற்று. மீட்க வழி கூடுதலாக வைக்கிறது என்பதே சரி.

இரண்டாவது மறுப்பு மொழி சார்ந்தது. எனக்கு இதுவே கனமாகப் படுகிறது. தமிழ் எழுத்தின் எதிர்காலத்தைத் தீர்மானித்த மடல்களில் பெரும்பகுதி ஆங்கிலத்தில் எழுதப்பட்டது. நீண்ட மடலுக்கு நடை வேண்டும், தலைப்பு வேண்டும், முன்பு பேசப்பட்டதைப் படித்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் "பழைய மடல்களைத் தேடிப் பார்" என்று ஒரு மூத்தவர் முகத்தில் அடித்தாற்போல் எழுதுவார். மேற்கோளுக்கு மேலே பதில் எழுதினாய் என்று புதியவரைக் கண்டித்த மடல்கள் லினக்ஸ் குழுமங்களில் எண்ணிறந்தவை. வட்ஸ்அப்பில் யாழ்ப்பாணத்து மாணவி ஒருத்தி தமிழில் நாலு சொல் தட்டி, ஒரு திரைப்பிடிப்பை இணைத்து, குரலில் கேள்வி கேட்டுவிடலாம். அந்த வாசலை அடைத்துவிட்டு "மடல் எழுதக் கற்றுக்கொள்" என்பது இல்லாதவரின் பங்கைப் பற்றிப் பேசுபவர் சொல்லத்தக்கதன்று. கூச்சமும் ஒருவகை இல்லாமைதான்.

ஆனால் அந்த வாசலுக்கும் ஒரு விலை இருக்கிறது. வட்ஸ்அப் குழுவில் சேர்வதென்றால் முன்பின் தெரியாதவர்களிடம் தன் தொலைபேசி எண்ணைக் கொடுப்பதாகும். இலங்கையில் அந்த எண் தேசிய அடையாள அட்டையோடு பதியப்பட்டது. பெண்களுக்கு இதன் தொல்லை விளக்க வேண்டியதில்லை. போருக்குப் பிந்திய வடக்கு கிழக்கில் யார் எந்தக் குழுவில் இருக்கிறார் என்பது நீண்டகாலம் சாதாரண தகவலாக இருந்ததும் இல்லை. மடலாடற்குழுவில் ஒரு முகவரி போதும்; அதைப் புனைபெயரில் வைத்துக்கொள்ளலாம்.

இரண்டும் வேண்டாம், மன்றத்தளமோ விக்கியோ போதும் என்ற மூன்றாவது கட்சியும் உண்டு. மயூரநாதன் போன்ற இலங்கையரின் உழைப்பால் வளர்ந்த தமிழ் விக்கிப்பீடியாவின் ஆலமரத்தடிப் பக்கம் இதற்கு நல்ல சான்று: அங்கே கேள்விக்குத் தலைப்பு உண்டு, பதில்கள் அதன் கீழ் நிற்கின்றன, பழைய உரையாடல்கள் தொகுக்கப்பட்டு வெளியாரும் படிக்கக் கிடக்கின்றன, மொழியும் தமிழ். பைத்தான் மொழியின் மேம்பாட்டாளர்கள் தங்கள் பழைய மடலாடற்குழுவிலிருந்து மன்றத்தளத்துக்கு மாறியதும் அண்மை வரலாறு. இதை என் வாதத்துக்கு எதிரானதாக நான் கருதவில்லை. தலைப்பு, இழை, திறந்த தொகுப்பு, பதிலுக்குப் போதிய அவகாசம் என்ற நான்கையும் காப்பாற்றினால் ஊடகத்தின் பெயர் மின்னஞ்சலாக இருக்க வேண்டிய கட்டாயமில்லை. மின்னஞ்சல் இந்த நான்கையும் வாடகையில்லாமல், ஒரு நிறுவனத்தை நம்பாமல் தருகிறது என்பதே அதன் தனிச் சிறப்பு.

எது எங்கே

ஆகவே பங்கீடு கருவியின்படி அமையாமல் வேலையின்படி அமைய வேண்டும். உதவி கேட்பது, பிழைச்செய்தியைக் காட்டுவது, சந்திப்புக்கு நாள் குறிப்பது, அவசரம் ஆகியவை அரட்டைக்கு உரியவை. 2004 ஆழிப்பேரலையின்பின் சில வாரங்களில் சஹானா பேரிடர் மென்பொருளை எழுதியவர்கள் ஒவ்வொரு வரிக்கும் மூன்று நாள் பதிலுக்குக் காத்திருந்திருக்க முடியாது. பின்னால் வருபவர் "ஏன் இப்படிச் செய்தார்கள்" என்று கேட்கக்கூடிய எதுவும் மடலுக்கு உரியது: கலைச்சொல் தேர்வு, குறியீட்டு முறை, உரிம மாற்றம், பணக் கணக்கு, ஒருவரைப் பொறுப்பில் அமர்த்துவது, நீக்குவது. ஒரு தமிழாக்கக் குழுவில் ஒரு சொல்லுக்கு இரண்டு மொழிபெயர்ப்பு இருந்து ஒன்று தேர்ந்தெடுக்கப்பட்டால், தோற்ற சொல் எதற்காகத் தோற்றது என்பது எழுதப்பட்டிருக்க வேண்டும். இல்லாவிட்டால் ஐந்தாண்டு கழித்து அதே சண்டை அதே சொல்லுக்காக வேறு ஆட்களுக்கிடையே மீண்டும் நடக்கும்.

இங்கே நடைமுறையில் தடுக்குவது ஒரே இடத்தில்தான்: அரட்டையில் பேசியதை மடலாக எழுதுபவர் யார்? அது யாரும் விரும்பி ஏற்காத வேலை. கிராமச் சங்கத்தில் கூட்டறிக்கை எழுதும் செயலாளருக்காவது அடுத்த கூட்டத்தில் அதை வாசிக்கும் மரியாதை உண்டு. குழுமங்கள் இதை முறைவைத்துப் பகிரலாம். ஒவ்வொரு வாரமும் ஒருவர், பத்து வரி, தமிழில். ஆங்கில நடை தெரியாமல் மடலாடற்குழுவுக்கு வெளியே நின்றவருக்கு உள்ளே வர அதுவே வழியாகவும் அமையும். மற்றவர்கள் பேசியதை எழுதுவதற்கு மேதாவித்தனம் தேவையில்லை.

எழுதியபின் காத்திருக்கவும் வேண்டும். அப்பாச்சியில் ஒரு வெளியீட்டுக்கான வாக்கெடுப்புக் குறைந்தது 72 மணித்தியாலங்கள் திறந்திருக்க வேண்டும். மூன்று ஆதரவு வாக்குகள் முதல் அரை நாளில் விழுந்துவிட்டாலும் மிச்ச நேரத்தைக் குறைப்பது வழக்கமில்லை. அவசரக்காரருக்கு அது வீண் நாட்களாகத் தெரியும். அந்த 72 மணித்தியாலங்களுக்குள் சிட்னியில் உறங்கியவர் விழித்திருப்பார், ரொறன்ரோவில் வேலைக்குப் போனவர் வீடு திரும்பியிருப்பார், 13 மணித்தியால வெட்டு விழுந்த வலயத்துக்கும் மின்சாரம் வந்திருக்கும்.